வாய்ப்பிடுங்கியும் எடுபிடியும்

அலுவலகத்தில் அவளுக்கு வாய்ப்பிடுங்கி என்று பட்டப்பெயர். முதலில் யாரோ கேலிக்கு வைத்ததுதான். ஆனால் அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். பிறர் வாயைப் பிடுங்குவதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்?

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்த சந்தை ஆய்வு நிறுவனம் அது. சோப்பு செய்கிறவர்களும் செருப்பு செய்கிறவர்களும் புதுச் சரக்கைக் கடைக்கு அனுப்பும் முன் அங்கே வருவார்கள். ஜனங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள் என்பார்கள். அதற்கென்றே ஒரு கண்ணாடி அறை உண்டு. நீள்வட்ட மேசை, சுற்றிலும் நாற்காலிகள், நடுவே பிஸ்கட் தட்டு, ஓரத்தில் தேநீர் பிளாஸ்க். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம் தெரியும். அந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும். "அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க, நாம பேசுறத கேப்பாங்க" என்று அவள் முதலிலேயே சொல்லிவிடுவாள். ஒரு வாய் தேநீர் உள்ளே போவதற்குள் எல்லாரும் அதை மறந்துபோவார்கள்.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டாள். "அப்புறம்?" என்பாள். அந்த ஒரு சொல்லை எந்த இடத்தில், எவ்வளவு இழுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. ஒருமுறை சவரக் கத்தியைப் பற்றிப் பேச வந்த ஒரு மனிதர், மாமனாரோடு தனக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோன கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவளுக்கென்று ஒரே ஒரு விதி இருந்தது. கேட்கிறவள் தன் கதையை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால், வந்தவர்கள் அவளுக்கு ஏற்ற மாதிரி பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

வீட்டில் அவள் பெரியவள். அண்ணன் தம்பி இருவரில் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தம்பி மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி, சின்னவள். இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. பெரியவள் இரண்டாம் மாடி, சின்னவள் அதற்கு நேர் மேலே. மேலே ஒரு நாற்காலியை இழுத்தால் கீழே சத்தம் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவள் புள்ளியியல் படித்த படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே வளைய வந்தாள். அதிகம் பேச மாட்டாள். கேட்ட கேள்விக்கு மட்டும், கேட்ட அளவுக்குப் பதில் சொல்வாள். பெரியவள்தான் இரக்கப்பட்டு முதலாளியிடம் சொன்னாள்: "என் ஓரகத்தி சார். வீட்ல சும்மா இருக்கா. கம்ப்யூட்டர் நல்லா வரும். எதாவது ஒரு மூலையில உட்கார வெச்சுக்கங்க."

முதலாளிக்குச் சுருக்கம் என்று பட்டப்பெயர். யார் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். அவர் சுருக்கமாகச் சரி என்றார். படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சின்னவள் சேர்ந்தாள். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்பினார்கள். "அக்கா இல்லாட்டி எனக்கு இந்த வேலையே கிடையாது" என்று சின்னவள் எல்லாரிடமும் சொல்லுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கொடுத்த கை உயரத்தில் இருக்கிறவரை யாருக்குத்தான் குளிராது?

ஒரு மெத்தைக் கம்பெனி வந்தபோதுதான் அந்தக் குளிர் விட்டுப்போனது.

பெரியவள் வழக்கம்போல மூன்று குழுக்களைக் கூட்டிப் பேசவைத்தாள். முதுகுவலி என்றார்கள், விலை என்றார்கள், மிருதுவாக இருக்க வேண்டும் ஆனால் குழி விழக் கூடாது என்றார்கள். அவள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், சின்னவள் சுருக்கம் சாரின் அறைக்குப் போய், "ஒண்ணு காட்டணும் சார்" என்றாள். கூட்ட அறையில் எல்லாரும் கூடினார்கள். சின்னவள் திரையில் ஒரு செயற்கை நுண்ணறிவைத் திறந்து, மெத்தை வாங்குகிறவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தட்டினாள். சதவீதக் கணக்கோடு பதில் மளமளவென்று வந்து விழுந்தது.

"பிரமாதம்!" என்றார் சுருக்கம்.

"பிரமாதமா பொய் சொல்லுது சார்" என்றாள் சின்னவள். "இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குறேன், பாருங்க."

கேட்டாள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

"எப்பவோ படிச்ச ஞாபகம்தான் இதுக்கு இருக்கு. இன்னிக்கு வெளிய என்ன நடக்குதுன்னு தெரியாது. ஒரு கெட்டிக்காரன ரூம்ல போட்டுப் பூட்டி வெச்ச மாதிரி. இப்போ கதவத் திறந்து விடுறேன்" என்று சொல்லி அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "ஜனங்க தேடுபொறியில என்ன தட்டுறாங்க, எந்த வார்த்தை ஏறுது, எது இறங்குது, தேடினா யாரோட கடை முதல்ல வருது, என்ன விலை, இதெல்லாம் தரவா விக்கிறாங்க சார். அத வாங்கி இதோட இணைச்சிருக்கேன். நாம ஒரு கேள்வி குடுத்தா போதும். எதை எதைத் தேடணும்னு தானா யோசிச்சு, போய்க் கேட்டு வாங்கிட்டு வரும். வந்த பதில்ல இருந்து அடுத்த கேள்விய யோசிச்சு மறுபடியும் போகும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எங்கிருந்து எடுத்துச்சுன்னு சுட்டி இருக்கும். சுட்டி இல்லாத வரிய நான் வெட்டிடுவேன்."

"அட, எடுபிடி!" என்றார் பின்னால் நின்ற கணக்கர். அந்தப் பெயர் அன்றைக்கே அதற்கு ஒட்டிக்கொண்டது.

எடுபிடி போய்த் திரும்பியது. முதுகுவலி இருந்தது, விலை இருந்தது. அவற்றுக்குக் கீழே, மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும் சில வரிகள் இருந்தன. பக்கத்தில் படுப்பவர் புரண்டால் அதிராத மெத்தை. கணவன் மனைவி தனித்தனிக் கட்டில் நல்லதா. சண்டை வராமல் தனியாகப் படுப்பது எப்படி.

சுருக்கம் சார் வாய்விட்டுச் சிரித்தார். கணக்கர் தரையைப் பார்த்தார். அவருக்கு என்ன நினைவு வந்ததோ. மெத்தைக் கம்பெனிக்காரர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். புது மெத்தைக்கான யோசனை அவருக்கு அந்த மூன்று வரியில் கிடைத்துவிட்டது.

பெரியவளும் கைதட்டினாள். கை தட்டியதே தவிர, வயிறு எரிந்தது. மூன்று குழு, தட்டுத் தட்டாகப் பிஸ்கட், எத்தனை 'அப்புறம்'! ஒருத்தியாவது, ஒருத்தனாவது தன்னிடம் அதைச் சொல்லவில்லையே! முகம் பார்த்துச் சிரித்துக் கேட்டவளிடம் முதுகுவலி என்று சொல்லிவிட்டு, முகமே இல்லாத ஒரு பெட்டியிடம் போய் மனதைத் திறந்திருக்கிறார்கள். அவர்கள் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தாள். "தட்டுறவங்கள பத்தித்தான் அதுக்குத் தெரியும். தட்டத் தெரியாதவங்க, பேரனையோ பக்கத்து வீட்டுக்காரனையோ விட்டுத் தட்டச் சொல்றவங்க, அவங்கள்லாம் மெத்தையில படுக்க மாட்டாங்களா?"

சரியான கேள்விதான். ஆனால் கேட்ட குரல் சரியில்லை என்பது அவள் காதுக்கே எட்டியது. சின்னவள் முகம் சுளிக்கவில்லை. உட்கார்ந்து குறித்துக்கொண்டாள். இறுதி அறிக்கையின் முதல் பக்கத்தில், இந்தத் தரவில் யார் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று ஒரு பத்தி இருந்தது. கீழே, இதைச் சுட்டிக்காட்டியவர் என்று பெரியவளின் பெயரும் இருந்தது. அதைப் பார்த்த பெரியவளுக்கு எரிச்சல் இரட்டிப்பானது. சண்டைக்கு வந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பாள். இப்படிப் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறவளை என்ன செய்வது?

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. எடுபிடிக்கு வேலை குவிந்தது. குழுக்கள் குறைந்தன. ஒருநாள் சுருக்கம் சார் பெரியவளின் மேசைக்கே வந்து நின்று, "அந்தக் கண்ணாடி ரூம் சும்மாதான கிடக்கு? உங்க ஓரகத்தி அங்க உக்காந்துக்கட்டும். குழு வர்றப்போ மேசைய நகர்த்திக்கலாம்" என்றார்.

"தாராளமா, சார்" என்றாள் பெரியவள்.

அவள் ஆண்ட அறை அது. மறுநாள் அங்கே இரண்டு திரைகளும் ஒரு மின்விசிறியும் வந்துவிட்டன. பிஸ்கட் தட்டுகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெரியவளின் கண் தானாகத் திரும்பும். சின்னவள் நிமிர்ந்து, "வாங்கக்கா" என்பாள். "வேலை இருக்குடி" என்று இவள் நடையைக் கட்டுவாள்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது பழக்கம். பெரியவளின் கணவர் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவர். அரை மில்லிமீட்டர் பிசகும் அவர் கண்ணுக்குத் தப்பாது; மனைவியின் முகம் மட்டும் தெரியவே தெரியாது.

"உன் ஓரகத்தி கெட்டிக்காரிடி" என்றார், சின்னவளையும் தம்பியையும் எதிரில் வைத்துக்கொண்டே. "என் கடைக்கு எந்த ஃபிரேம் ஓடும்னு கேட்டேன். டக்குன்னு எடுத்துக் குடுத்துட்டா."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீ எட்டு பேர கூட்டி உக்கார வெச்சு டீ குடுக்கணும்பே. அதுக்குள்ள ஃபிரேமே பழசாயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் செரிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. காலையில் மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால், மகாராணி எழுந்துவிட்டாள் என்று தோன்றியது. சின்னவள் புதுச் செருப்பு போட்டால் கண்ணை உறுத்தியது. சின்னவள் சளி பிடித்து ஒருநாள் விடுப்பு எடுத்தபோது, தனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததைக் கண்டு அவளே திடுக்கிட்டாள். சீ, என்ன பிறவி நான் என்று நினைத்தாள். நினைத்ததால் எரிச்சல் அடங்கவில்லை.

யாரிடம் சொல்வது? கணவரிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பரிமாறிவிடுவார். சிநேகிதிகளிடம் சொன்னால் கை கால் முளைக்கும். ஊரார் வாயையெல்லாம் பிடுங்கியவளுக்குத் தன் வாயைத் திறக்க ஒரு இடம் இல்லை. ஒரு மதிய இடைவேளையில், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அவள் தன் கணினியில் தேடுபொறியைத் திறந்தாள். அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு தட்டினாள்: ஓரகத்தி மேல் பொறாமை எப்படிப் போக்குவது.

ஆழமாக மூச்சு விடுங்கள் என்றது ஒரு பக்கம். உங்களுக்குக் கிடைத்த நன்மைகளை எண்ணிப் பாருங்கள் என்றது இன்னொன்று. மூன்றாவது பக்கம் ஏதோ மாத்திரை விற்றது. அவள் எல்லாவற்றையும் மூடி, தேடிய தடத்தையும் அழித்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

அடுத்து வந்த வேலை ஒரு தொலைபேசி ஆலோசனை சேவை. மனக்கஷ்டம் உள்ளவர்கள் கூப்பிட்டால் பேசுவதற்கு ஆள் வைத்திருந்தார்கள். வேலையிடத்துக் கஷ்டத்துக்கு ஒரு எண், குடும்பக் கஷ்டத்துக்கு இன்னொரு எண். மக்கள் எதையெதை நினைத்துப் புழுங்குகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கேற்ப ஆட்களைப் பழக்கலாம் என்றார்கள். எடுபிடி தேடப் போனது. வந்ததையெல்லாம் சின்னவள் பிரித்து அடுக்கினாள்.

ஒரு முற்பகலில் அவள் கண்ணாடி அறையின் கதவைத் திறந்து, "அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

பெரியவள் போனாள். திரை நிறைய வரிகள். நடுவில் ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. ஓரகத்தி மேல் பொறாமை.

பெரியவள் திரையை விட்டு ஓரடி பின்வாங்கினாள். தடத்தை அழித்தோமே, பாவி, எப்படி எடுத்தாள்? கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டுகிறாளே!

"என் கம்ப்யூட்டர பார்த்தியா நீ?"

"என்னக்கா?"

"என் கம்ப்யூட்டர பார்த்தியான்னு கேட்டேன். இல்ல, உன் எடுபிடிய விட்டு வேவு பார்த்தியா? ஆமாடி, நான்தான் தட்டினேன். பொறாமைதான். இப்போ என்னாங்குற? நான் கொண்டாந்து உட்கார வெச்சவ, என் ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, என் கண் முன்னாடியே... எரியாதா எனக்கு? கல்லா நான்? அத மஞ்சள் போட்டு வேற காட்டுறியா?"

சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் குற்றமும் இல்லை, கேலியும் இல்லை. ஒன்றும் புரியாதவளின் முகம் அது. அதைப் பார்த்த பிறகுதான் பெரியவளுக்கு உள்ளே ஏதோ வழுக்கியது.

"அக்கா" என்றாள் சின்னவள் மெதுவாக, "இது உங்களோடது இல்ல. ஒருத்தர் ரெண்டு பேர் தட்டுறது இதுல வரவே வராது. ஏகப்பட்ட பேர் தட்டினாத்தான் ஒரு வரியாவே நிக்கும். யாரு தட்டினாங்கன்னும் தெரியாது. இதோட ஆபீஸ், கடைன்னும் சேர்த்துத் தட்டுறாங்க, ஓரகத்திங்க ஒரே ஆபீஸ்லயோ, ஒரே கடையிலயோ வேலை செய்றாங்கபோல. அதான், இத வேலை எண்ணுல போடவா குடும்ப எண்ணுல போடவான்னு தெரியாம மஞ்சள் போட்டேன். அத கேக்கத்தான் உங்கள கூப்பிட்டேன்."

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் யார் வாயையும் இவ்வளவு சுலபமாக அவள் பிடுங்கியதில்லை. யாரும் கேட்காமலே கொட்டிவிட்டாளே!

"எப்போல இருந்துக்கா?"

"மெத்தையில இருந்து."

"மெத்தையில இருந்தா?" சின்னவளின் கண் கலங்கியது. "அப்போ கை தட்டினீங்களே, அது? நல்லா பண்ணினடின்னு பஸ்ல வெச்சு சொன்னீங்களே? அன்னிக்கு வீட்டுக்குப் போய் அவர்கிட்ட அததான் முதல்ல சொன்னேன். சார் சொன்னதகூட சொல்லல."

சின்னவள் திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "எந்த எண்ணுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"குடும்பம்" என்றாள் பெரியவள்.

அதன் பிறகு சின்னவள் ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றாள். அலுவலகத்தில் "வாங்கக்கா" நின்றது. கேட்டால் பதில், அதுவும் கேட்ட அளவுக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். "என்ன, ரெண்டு பேரும் பேச்சுக்குப் பூட்டுப் போட்டுட்டீங்களா?" என்று வில்லை தேய்க்கிறவர் ஒருநாள் கேட்டார். "உங்க வேலைய பாருங்க" என்று இரண்டு வீட்டிலும் ஒரே பதில் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வெட்கத்தில் செத்துப்போன பிறகாவது பொறாமை போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. சின்னவள் கோபித்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடக்கும் அழகைப் பார்த்து, நியாயம்கூட அவள் பக்கம் போய்விட்டதே என்று பெரியவளுக்குப் புழுங்கியது.

ஆலோசனை சேவைக்காரர்கள் தரவைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள். இத்தனை பேர் தேடுகிறார்கள், சரி. தேடிவிட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள்? போனை எடுத்துக் கூப்பிடுகிறவர்களிடம் நாங்கள் என்ன சொல்வது? எடுபிடியிடம் அதற்குச் சுட்டியோடு கூடிய பதில் இல்லை. சின்னவள் அதை ஒளிக்காமல் சொன்னாள். "ஆள கூட்டித்தான் கேக்கணும் சார்." சுருக்கம் சார் பெரியவளைப் பார்த்தார். "ஒரு குழு. சீக்கிரம்" என்றார்.

கண்ணாடி அறையில் திரைகள் ஓரம் போயின. பிஸ்கட் தட்டு இறங்கியது. உறவுக்காரர்களோடு ஒரே தொழிலில் இருக்கும் பெண்கள் ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் இருட்டில் சுருக்கம் சாரும், சேவைக்காரர்களும், குறிப்பெடுக்கச் சின்னவளும். கண்ணாடியில் பெரியவளுக்குத் தெரிந்தது தன் முகம்தான். ஆனால் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. குறிப்பெடுக்கிறவர் நாற்காலி இடது கோடியில்.

பொறாமை என்ற சொல் வந்ததும் அறையே ஆமையாகிவிட்டது. "எனக்கா? சேச்சே" என்றாள் ஒரு தையல்காரி. "எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுங்க" என்றாள் துணிக்கடைக்காரி. பெரியவள் அவசரப்படவில்லை. தேநீரை ஊற்றினாள். தன் கதையை அவிழ்த்தால் இவர்கள் அத்தனை பேர் வாயும் திறந்துகொள்ளும் என்று தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. விதி விதிதான் என்று விழுங்கிக்கொண்டாள்.

மூலையில் இருந்த நர்ஸ் ஒருத்தி பிஸ்கட்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இல்லைங்க. என் மேலதான் என் நாத்தனாருக்கு. ஒரே ஆஸ்பத்திரி. என்னை வேலையில சேர்த்துவிட்டதே அவங்கதான். இப்போ நான் வார்டுக்குப் பொறுப்பு, அவங்க இல்ல."

"அப்புறம்?"

"வாய் சிரிக்கும், கண்ணு சிரிக்காது. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்குறேன்."

பெரியவள் கையிலிருந்த கேள்வித்தாளைப் பார்த்தாள். அடுத்த கேள்வி தொலைபேசிச் சேவையின் கட்டணத்தைப் பற்றியது. அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒருநாள் அவங்களே வந்து, ஆமா, எனக்குப் பொறாமைதான்னு ஒத்துக்கிட்டா நீங்க என்ன செய்வீங்க?"

நர்ஸ் யோசித்தாள். "கோபம் வரும். பேச மாட்டேன். தெரியாதவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் சொல்லணும்னு இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எத்தனை நாளைக்குப் பேசாம இருக்க முடியும்? முதல் நாள் வேலையில ஊசி எடுக்குறப்போ எனக்குக் கை நடுங்குச்சு. பின்னாடி நின்னு பிடிச்சுக்கிட்டது அவங்கதான். ஆனா ஒண்ணு, நானா போய்ப் பேச மாட்டேன். அவங்கதான் வரணும். சொன்னவங்கதான் வரணும்."

அதற்கு மேல் மடை திறந்தது. சேச்சே என்ற தையல்காரி தன் அண்ணி வாங்கிய புதுத் தையல் இயந்திரத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள்.

எல்லாரும் போன பிறகு பெரியவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதவு திறந்தது. சின்னவள் குறிப்புகளோடு நின்றாள்.

"அந்தக் கேள்வி கேள்வித்தாள்ல இல்லையே."

"இல்ல."

"பதில் கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றாள் பெரியவள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னவளின் எதிரில் போய் நின்றாள். "நான்தான் வரணுமாம். வந்துட்டேன். அன்னிக்கு கை தட்டினது பொய்தான். ஆனா பஸ்ல நல்லா பண்ணினடின்னு சொன்னது பொய் இல்ல. எரிஞ்சுக்கிட்டே சொன்னேன். நல்லா பண்ணலேன்னா எதுக்கு எரியப்போவுது?"

சின்னவள் குறிப்புத்தாளின் ஓரத்தை மடித்தாள், நீவினாள். அவளுக்குச் சட்டென்று எதுவும் வராது. கேள்வியையும் பதிலையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் பேசுவாள்.

"கோபம் இன்னும் போகலக்கா."

"எனக்கும் அந்த எரிச்சல் இன்னும் போகலடி."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனாள்.

அன்று மாலை இரண்டு பேரும் ஒரே பேருந்தில் திரும்பினார்கள். சின்னவள் ஜன்னலோரத்தைப் பெரியவளுக்கு விட்டாள்.

அந்த வேலை முடிந்ததும் புது ஏற்பாடு ஒன்று வந்தது. முதலில் எடுபிடி தேடும். அது கொண்டுவந்ததில் கேள்வி எழும் இடத்தில் பெரியவள் ஆட்களைக் கூட்டுவாள். அவர்கள் பேசியதிலிருந்து கிடைக்கும் சொற்களைச் சின்னவள் மறுபடியும் எடுபிடியிடம் கொடுத்து, வெளியே இன்னும் எத்தனை பேர் இப்படித் தேடுகிறார்கள் என்று பார்ப்பாள். இணைத்துப் பார்த்தால் அறிக்கை தெளிவாக இருந்தது. சேவைக்காரர்கள் மகிழ்ந்துபோனார்கள். சுருக்கம் சார் எல்லாரையும் கூட்டி, சின்னவளின் பெயரை முதலில் சொல்லி, அவளைக் குழுத் தலைவியாக்கினார். பெரியவளின் பெயரை இரண்டாவதாகச் சொன்னார். நேரம் இல்லாததால் அதையும் சுருக்கமாகச் சொன்னார்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பெரியவள் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கும் எரியுதுடி."

"ரொம்பவா?"

"தலைவின்னு சொன்னாரே, அந்த இடத்துல."

"எனக்கும் தெரிஞ்சுது. உங்க வாய் சிரிச்சுது" என்றாள் சின்னவள்.

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. வெளியே கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, பட்டும் படாமலும் கேட்டாள்.

"உனக்கு என் மேல பொறாமையே வந்ததில்லையா? அந்த நர்ஸ பேச வெச்சேனே, அன்னிக்கு? கொஞ்சம்கூடவா?"

சின்னவள் அதையும் எடைபோட்டுப் பார்த்தாள். ஒரு நிறுத்தம் முழுக்க யோசித்தாள். பெரியவள் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் ஓர் ஆசை இருந்தது.

"இல்லக்கா" என்றாள் சின்னவள், மனதாரத் தேடிப் பார்த்துவிட்டு. "சந்தோஷமாதான் இருந்துச்சு."

பெரியவளுக்கு வயிற்றில் மறுபடியும் குப்பென்று பற்றிக்கொண்டது. "பேச்சுக்காவது ஆமான்னு சொல்லக் கூடாதாடி?" என்றாள்.

"சுட்டி இல்லாம எப்படிக்கா சொல்றது?" என்றாள் சின்னவள்.